சட்டக் கல்லூரி விண்ணப்பம்: வீட்டுச் சுமையா, ஊர்ப் பொறுப்பா?

சட்டம் படிக்க விரும்பும் பிளஸ் டூ மாணவர்களின் வீடுகளில் ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களில் ஒரு பேச்சு தொடங்குகிறது. எத்தனை கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது, அதற்கு எவ்வளவு ஆகும் என்ற பேச்சு. வசதியுள்ள வீட்டில் அது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் போட்டுவைப்பார்கள். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளை பணம் கேட்கவே தயங்கி, ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது. சில வீடுகளில் அந்த ஒன்றும் நடப்பதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மதிப்பெண் இருக்கலாம், ஒரே ஆர்வம் இருக்கலாம். அவர்கள் தட்டிப் பார்க்கும் கதவுகளின் எண்ணிக்கை மட்டும் மாறிவிடுகிறது.

இதை அந்தந்தக் குடும்பத்தின் பாடு என்று விட்டுவிடுவது சரியாகாது. இன்று சட்டக் கல்லூரியில் நுழைபவர்தான் நாளை நம் வழக்கை நடத்துவார். அவர்களில் ஒருவர்தான் நீதிபதி இருக்கையில் அமர்வார். நீதிமன்றத்துக்குள் யார் வர வேண்டும் என்பதை விண்ணப்பக் கட்டணம் முன்கூட்டியே வடிகட்டிவிட்டால், அந்த இழப்பு பிள்ளைக்கு மட்டுமானதல்ல. ஆகவே, பல்கலைக்கழகங்கள், அரசு, பள்ளி, வழக்கறிஞர் சங்கம், பெற்றோர் என அனைவரும் ஆளுக்கொரு பங்கை ஏற்று இந்தச் சுமையைக் குறைக்க வேண்டும். அதற்கான ஒத்த கருத்தை உருவாக்க இதுவே தக்க தருணம்.

கணக்கு என்ன சொல்கிறது?

அண்மை ஆண்டுகளின் அறிவிக்கைகளை வைத்துக்கொண்டு ஒரு சாதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட்டுக்குப் பொதுப் பிரிவினர் கட்ட வேண்டியது 4,000 ரூபாய். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் தனியாக நடத்தும் ஐலெட் தேர்வுக்கு 3,500 ரூபாய். தனியார் நிறுவனமான சிம்பயாசிஸின் ஸ்லாட் தேர்வுக்கு 2,250 ரூபாய்; அதன்பின் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் தலா 1,000 ரூபாய். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளிக்கு 1,000 ரூபாய், அதன் இணைவு பெற்ற கல்லூரிகளுக்கு 500 ரூபாய். ஸ்லாட்டில் இரண்டு படிப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்தால்கூட மொத்தம் 13,250 ரூபாய் வருகிறது.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு இதே கணக்கைப் போட்டால் 10,000 ரூபாய். ஐலெட்டில் அவர்களுக்கு 1,500 ரூபாய்தான். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் பாதிக் கட்டணமே வாங்குகிறது. ஆனால், நாட்டின் பெரிய பொதுத் தேர்வான கிளாட்டில் அவர்கள் கட்ட வேண்டியது 3,500 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் என்று அரசே சான்றளித்த குடும்பத்துப் பிள்ளைக்கும் அதே 3,500 ரூபாய்தான். சலுகை என்பது வெறும் 500 ரூபாய். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு அதுவும் கிடையாது. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக் கூலி 336 ரூபாய். கிளாட் எழுத ஒரு மாணவி கட்டும் 4,000 ரூபாய், அவள் தாயின் ஏறத்தாழ பன்னிரண்டு நாள் உழைப்பு.

மற்ற நுழைவுத் தேர்வுகளையும் பார்க்க வேண்டும். மருத்துவத்துக்கான நீட் தேர்வில் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், பட்டியல் பிரிவினருக்கு 1,000 ரூபாய். பொறியியலுக்கான ஜேஇஇ முதன்மைத் தேர்வில் ஒரு தாளுக்குப் பொதுப் பிரிவு மாணவருக்கு 1,000 ரூபாய், மாணவிக்கு 800 ரூபாய், பட்டியல் பிரிவினருக்கு 500 ரூபாய். நீட் தேர்வை எழுதுவோர் இருபது லட்சத்துக்கும் மேல். கிளாட்டை எழுதுவோர் ஒரு லட்சத்துக்கும் குறைவு. எண்ணிக்கை குறைந்தால் தலைக்கு ஆகும் செலவு கூடத்தான் செய்யும். அதை ஒப்புக்கொள்வோம். ஆனாலும், அந்தக் கூடுதல் செலவை முழுக்கவும் பிள்ளைகளிடமே, அதிலும் ஏழைப் பிள்ளைகளிடமும் வாங்கத்தான் வேண்டுமா?

கட்டணத்துக்கு வெளியே நடப்பவை

அறிவிக்கையில் அச்சாகும் தொகை பாதிச் செலவுதான். மீதியைக் காண, ஒரு சிறு நகரத்து பிரவுசிங் சென்டரில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். பள்ளி விட்டு, சீருடையோடு வந்த மாணவி புகைப்படத்தையும் கையெழுத்தையும் சொன்ன கேபி அளவுக்குள் சுருக்கித் தரும்படி கேட்டுக்கொண்டிருப்பாள். சாதிச் சான்றிதழைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்ய வேண்டும். ஓடிபி அப்பாவின் செல்போனுக்குப் போயிருக்கும். அவர் வேலை நடக்கும் இடத்தில் சிக்னல் இருக்காது. அதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும், மறுபடியும் முதலிலிருந்து. சென்டர்காரருக்கும் ஒரு தொகை தர வேண்டும். முடிவில் விருப்பத் தேர்வு மையம் கேட்கப்படும்போது, எந்த ஊரைப் போடுவது என்று சொல்ல அருகில் யாரும் இருக்க மாட்டார்கள்.

தேர்வு நாளன்று அடுத்த செலவு. கிளாட் டிசம்பரில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நடக்கிறது. மையங்கள் பெரும்பாலும் பெருநகரங்களில். ராமநாதபுரத்தின் கடலோரக் கிராமத்திலிருந்தோ தருமபுரியின் மலையடிவாரத்திலிருந்தோ மாணவி வர வேண்டுமென்றால் கூடவே ஒருவர் வர வேண்டும். இருவருக்கும் பேருந்துக் கட்டணம், சாப்பாடு, சில நேரம் ஓர் இரவுத் தங்கல், உடன் வருபவரின் ஒரு நாள் கூலி. ஐலெட்டும் டிசம்பரில்தான் என்பதால் ஒரு சில நாள் இடைவெளியில் இதே செலவு இன்னொரு முறை வந்து நிற்கும்.

தேர்ச்சி பெற்றுவிட்டால்? கிளாட் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யப் பொதுப் பிரிவினர் 30,000 ரூபாயும் ஒதுக்கீட்டுப் பிரிவினர் 20,000 ரூபாயும் கட்ட வேண்டும். சேர்ந்தால் இந்தப் பணம் கட்டணத்தில் கழிக்கப்படும் என்பது உண்மை. ஆனால், பிளஸ் டூ பொதுத்தேர்வுக்குச் சில மாதங்கள் முன்பாக, குறுகிய அவகாசத்தில், இவ்வளவு பணத்தைப் புரட்டக்கூடிய வீடுகள் எத்தனை? கடன் கொடுக்க வங்கி முன்வருவது சேர்க்கைக் கடிதத்தைப் பார்த்த பிறகுதான். அந்தக் கடிதத்துக்கு முந்திய செலவுகளுக்கு வட்டிக்கு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. 2021இல் இந்தப் பதிவுக் கட்டணம் 50,000 ரூபாயாக இருந்தது. மாணவர்களும் பெற்றோரும் எதிர்ப்புக் குரல் எழுப்பிய பிறகே அது குறைக்கப்பட்டது. கேட்டால் மாறும் என்பதற்கு இதுவே சான்று.

ஒரே விண்ணப்பம் சாத்தியமானது எப்படி?

விண்ணப்பங்களின் எண்ணிக்கையும் செலவும் பொது முடிவுகளால் மாறக்கூடியவை. இதற்குக் கிளாட்டின் வரலாறே எடுத்துக்காட்டு. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 1980களின் பிற்பகுதியில் என்.ஆர்.மாதவ மேனனின் தலைமையில் தொடங்கப்பட்ட பிறகு, ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கான தேசியப் பல்கலைக்கழகங்கள் மாநிலத்துக்கு ஒன்றாக முளைத்தன. 2008க்கு முன்பு அவை ஒவ்வொன்றும் தனித்தனியே தேர்வு நடத்தின. விண்ணப்பம் தனி, கட்டணம் தனி, பயணம் தனி. தேர்வுத் தேதிகள் ஒன்றோடொன்று மோதின. 2006இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு தொடரப்பட்டது. அதன் விளைவாகப் பல்கலைக்கழகங்கள் கலந்து பேசி, 2008இல் ஏழு பல்கலைக்கழகங்களோடு முதல் கிளாட் தேர்வை நடத்தின. இன்று இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களுக்கு ஒரே தேர்வு, ஒரே விண்ணப்பம். திருச்சியில் 2013 முதல் இயங்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இதுவே வழி.

2020இல் நடந்ததும் நினைவில் இருக்க வேண்டும். கொரோனா காலத்தில் கிளாட் தள்ளிப்போனதால், பெங்களூரு சட்டப் பள்ளி தனியாக ஒரு தேர்வை அறிவித்தது. வீட்டிலிருந்தே இணையவழியில் எழுதலாம். கட்டணம் 150 ரூபாய்தான். ஆனாலும், கணினியும் நல்ல இணைய வசதியும் இல்லாத மாணவர்களுக்கு அந்தத் தேர்வு எட்டாமல் போகும் என்ற வாதம் எழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 21இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வை ரத்து செய்து, கிளாட் வழியே சேர்க்கை நடத்தச் சொன்னது. கட்டணத்தைக் குறைத்தால் மட்டும் கதவு திறந்துவிடாது. அந்தக் கதவு வரை பிள்ளையை அழைத்துவருவதற்கும் வழி செய்தாக வேண்டும். இந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்தும்.

நம் மாநிலத்தின் அனுபவம் இன்னும் ஊக்கம் தருவது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டால் மதுரை, கோவை, திருச்சி, திருநெல்வேலி, வேலூர், விழுப்புரம், தருமபுரி, ராமநாதபுரம், தேனி, காரைக்குடி என்று பல ஊர்களில் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் எதற்கு வேண்டுமானாலும் போட்டியிடலாம். நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண், இடஒதுக்கீடு, கலந்தாய்வு, அவ்வளவுதான். எத்தனை கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை. 500 ரூபாயும் 250 ரூபாயும் எந்தப் பிள்ளையையும் வாசலில் நிறுத்திவைக்காத தொகைகள். 1891இல் சென்னையில் தொடங்கிய சட்டக் கல்லூரியின் மரபு, இன்று மாவட்டங்கள் தோறும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளைச் சென்றடைந்திருப்பதற்கு இந்த எளிய ஏற்பாடு பெருங்காரணம். 2021ஆம் ஆண்டின் சட்டப்படி, தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்படும் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் பொருந்துகிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்வி, விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களை அரசே ஏற்கிறது.

உலகில் வேறு இடங்களிலும் இந்தப் பிரச்சினைக்கு விடை தேடியிருக்கிறார்கள். பிரிட்டனில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர் ஒரே கட்டணத்தில் ஐந்து தெரிவுகளைக் குறிப்பிடலாம். அமெரிக்காவில் சட்டப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் சேர்ந்துகொண்டே போகும். ஆனால், குறைந்த வருமானமுள்ளோருக்குத் தேர்வுக் கட்டணத்தோடு, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பள்ளிகளுக்கு ஆவணங்களை அனுப்பும் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யும் திட்டம் அங்கே நெடுநாளாக உண்டு.

உச்ச நீதிமன்றம் காட்டிய வழி

படிப்பை முடித்து வழக்கறிஞராகப் பதிவு செய்வோரிடம் மாநில பார் கவுன்சில்கள் பல்லாயிரம் ரூபாய் வசூலித்துவந்தன. அதிகபட்சமாக அது நாற்பதாயிரத்தையும் எட்டியது. 2024 ஜூலை 30இல் உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வழக்கறிஞர்கள் சட்டம் 1961 சொல்லும் தொகையான 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மிகையான கட்டணம், விளிம்புநிலைச் சமூகத்தினர் இந்தத் தொழிலில் நுழைவதைத் தடுக்கிறது என்பதும் அந்தத் தீர்ப்பின் அடிப்படைகளில் ஒன்று.

அந்தத் தீர்ப்பு கிளாட்டைப் பற்றியது அல்ல. ஆனால், அதன் நியாயம் படிப்பின் முதல் வாசலுக்கும் அப்படியே பொருந்தும். வழக்கறிஞராகப் பதிவு செய்ய ஒரு பட்டியல் சாதி இளைஞர் 125 ரூபாய் கட்டினால் போதும் என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொல்லியிருக்கும்போது, அந்தப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுத 3,500 ரூபாய் கேட்பது எப்படிப் பொருந்தும்?

இந்தத் தடையின் விளைவை நீதிமன்றங்களின் மேல்தளத்தில் பார்க்கலாம். 2018 முதல் உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 715 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 22 பேர், பழங்குடியினர் 16 பேர், இதர பிற்படுத்தப்பட்டோர் 89 பேர் என்று 2025இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இதற்கு விண்ணப்பக் கட்டணம் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், வடிகட்டல் படிப்படியாக நடக்கிறது. முதல் படி இந்த விண்ணப்பம்தான்.

எதிர்வாதங்களையும் கேட்போம்

குறைந்த கட்டணத்தில் தேர்வு நடத்த முடியாது என்று பல்கலைக்கழகங்கள் சொல்லலாம். வினாத்தாள் தயாரிப்பு, பாதுகாப்பு, மையங்கள், கண்காணிப்பு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். மாநில அரசுகளின் நிதி போதாமல் இந்தப் பல்கலைக்கழகங்கள் கட்டண வருவாயைச் சார்ந்து நிற்கின்றன. இந்த நிலைமையை நாம் புரிந்துகொள்ள வேண்டும். அப்படியானால், தேர்வுக்கு ஆகும் செலவு எவ்வளவு, வருவாய் எவ்வளவு, மிச்சம் எங்கே போகிறது என்பதை ஆண்டுதோறும் பொதுவெளியில் வைக்கட்டும். சட்டம் கற்பிக்கும் நிறுவனங்களுக்கு வெளிப்படைத்தன்மையின் அருமையை யாரும் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. பற்றாக்குறை இருந்தால் ஒன்றிய, மாநில அரசுகளிடம் சேர்ந்து கேட்போம்.

கட்டணம் குறைந்தால் ஆர்வமில்லாதவர்களும் விண்ணப்பித்துக் குவிப்பார்கள் என்பது இன்னொரு வாதம். ஏழைப் பிள்ளை தேர்வு மையத்துக்கு வர ஒரு நாள் கூலியையும் பேருந்துப் பணத்தையும் இழக்கிறது. விளையாட்டாக எழுத அவர்களால் முடியாது. கட்டணச் சலுகையைக் குடும்ப வருமானத்தோடு பிணைத்துவிட்டால் இந்த அச்சத்துக்கு இடமே இல்லை.

ஆளுக்கொரு பங்கு

முதல் பங்கு, கிளாட்டை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்புடையது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள மாணவர்களுக்கு, எந்தச் சமூகத்தவராக இருந்தாலும், கிளாட் கட்டணத்தை முழுமையாகத் தள்ளுபடி செய்ய வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்குப் பாதிக்கும் கீழாகக் குறைக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கும் சலுகை வேண்டும். இது நடைமுறைக்கு ஒத்துவராத கனவு என்று சொல்ல முடியாது. ஐலெட் தேர்வில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கட்டணமே இல்லை. ஒரு பல்கலைக்கழகம் செய்ய முடிந்ததை இருபது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்ய முடியாதா? கலந்தாய்வுப் பதிவுக் கட்டணத்தையும் ஏழை மாணவர்களுக்குப் பெயரளவில் வைத்து, மீதியைக் கல்விக் கடன் வந்த பிறகு கட்ட அனுமதிக்கலாம். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் கூட்டமைப்பும் அமர்ந்து பேசி, ஒரே தேர்வின் மதிப்பெண்ணைப் பகிர்ந்துகொள்ளும் நாளையும் எதிர்பார்ப்போம். தனியார் பல்கலைக்கழகங்கள் சில கிளாட் மதிப்பெண்ணை ஏற்கின்றன. மற்றவையும் அவ்வழியே வந்தால் பிள்ளைகளுக்குப் பணமும் மிச்சம், மன உளைச்சலும் குறையும்.

இரண்டாவது பங்கு மாநில அரசுடையது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கலந்தாய்வுக் கட்டணத்தையே ஏற்கும் அரசு, அரசுப் பள்ளி மாணவர்களின் கிளாட், ஐலெட் கட்டணத்தையும் ஏற்கலாம். ஆயிரம் மாணவர்களுக்குக் கிளாட் கட்டணம் முழுவதையும் கட்டினாலும் நாற்பது லட்சம் ரூபாய்தான். அரசின் கல்விச் செலவில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. ஆனால், ஆயிரம் வீடுகளில் அது பெரும் நிம்மதி. பணத்தைப் பள்ளி மூலமாக நேரடியாகத் தேர்வு அமைப்புக்கே கட்டிவிட்டால், முதலில் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறும் அலைச்சலும் இருக்காது. சீர்மிகு சட்டப்பள்ளிக்கும் இணைவு பெற்ற கல்லூரிகளுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம் என்றிருப்பதையும் ஒன்றாக்கலாம். கிளாட் மையங்களைப் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் நீட்டிக்கும்படி கூட்டமைப்பை அரசு வலியுறுத்த வேண்டும்.

மூன்றாவது பங்கு பள்ளிகளுடையது. பிளஸ் ஒன் சேரும்போதே சட்டப் படிப்பின் வழிகளைச் சொல்லித்தர வேண்டும். மாணவர்களின் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், புகைப்படம் ஆகியவற்றை ஜூலை மாதத்திலேயே தயாராக வைத்துவிட்டால் கடைசி நேர ஓட்டம் மிச்சம். பள்ளியின் ஹைடெக் லேப் கணினிகளிலேயே, ஆசிரியர் ஒருவரின் துணையோடு விண்ணப்பம் நிரப்ப முடியும். பிரவுசிங் சென்டர் செலவும் பிழைகளும் இதனால் தவிரும்.

நான்காவது பங்கு வழக்கறிஞர்களுடையது. இந்தக் கட்டுரையின் மிகப் பெரிய நம்பிக்கை அவர்கள்மீதுதான். மாவட்டத் தலைநகரங்களிலும் வட்டங்களிலும் நீதிமன்றம் இருக்கும் இடமெல்லாம் வழக்கறிஞர் சங்கம் இருக்கிறது. ஒவ்வொரு சங்கமும் அருகிலுள்ள ஓர் அரசுப் பள்ளியோடு கைகோத்து, ஆண்டுக்கு ஐந்து மாணவர்களின் விண்ணப்பச் செலவை ஏற்றுக்கொண்டால், இந்தப் பிரச்சினையின் கணிசமான பகுதி தீர்ந்துவிடும். இளம் வழக்கறிஞர்கள் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி விண்ணப்பம் நிரப்ப உதவலாம். எந்தக் கல்லூரி எப்படி என்று தம் அனுபவத்தைச் சொல்லலாம். தேர்வு நாளில் வெளியூரிலிருந்து வரும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தங்க இடம் தேடித் தரலாம். பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய ஐடியா அமைப்பு, இதே நோக்கத்தில் விளிம்புநிலை மாணவர்களைத் தேடிச் சென்று பயிற்சி தந்து தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்த்துவருகிறது. 2019இல் அவர் மறைந்தார், பணி தொடர்கிறது. சட்ட மாணவர்கள் சிலர் தன்னார்வத்தோடு இவ்வளவு செய்ய முடிகிறதென்றால், அனுபவமும் வருமானமும் உள்ள மூத்த வழக்கறிஞர்கள் இன்னும் எவ்வளவோ செய்யலாம்.

பெற்றோரும் மாணவர்களும் செய்ய வேண்டியவை

எல்லாப் பொறுப்பையும் பிறர்மீது போட்டுவிட்டு வீட்டில் இருப்போர் ஒதுங்க முடியாது. எத்தனை கல்லூரி என்ற கேள்விக்கு அச்சம் பதில் சொன்னால் பத்து விண்ணப்பம்கூடப் போதாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டதையெல்லாம் நாமும் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முன்பு நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்தக் கல்லூரிக்கு இந்திய பார் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா? இடம் கிடைத்தால் அந்த ஊருக்குப் பிள்ளையை அனுப்ப மனம் வருமா? ஐந்தாண்டுக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் கடன், உதவித்தொகை எல்லாம் சேர்த்துத் தாக்குப்பிடிக்க முடியுமா? மாதிரித் தேர்வுகளில் பிள்ளை எடுக்கும் மதிப்பெண், அங்கே கடந்த ஆண்டு இடம் கிடைத்தவர்களின் மதிப்பெண்ணை நெருங்குகிறதா? இவற்றில் இரண்டுக்கு இல்லை என்று பதில் வந்தால், அந்த விண்ணப்பப் பணத்தை நல்ல நூல்களுக்கும் பயிற்சித் தாள்களுக்கும் செலவிடுவதே மேல்.

பெரும்பாலான தமிழ்நாட்டு மாணவர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள் போதும். முதலாவது கிளாட். ஒரே கட்டணத்தில் திருச்சி உட்பட நாடெங்கும் உள்ள தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அது வழி விடுகிறது. இரண்டாவது, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். குறைந்த கட்டணத்தில் நல்ல படிப்பு தரும் உறுதியான இடம் அது. யாரும் அதைத் தவறவிடக் கூடாது. மூன்றாவதாக, மாணவரின் திறமைக்கும் வீட்டின் வசதிக்கும் பொருந்தும் ஏதேனும் ஒன்று. ஐலெட்டாகவோ நம்பகமான தனியார் பல்கலைக்கழகமாகவோ அது இருக்கலாம். மாநிலத்துக்கு வெளியே போனால்தான் பெருமை என்ற எண்ணத்தையும் விட்டுவிடுவோம். அரசு சட்டக் கல்லூரிகளில் படித்துவந்தவர்கள் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற இருக்கைகளில் அமர்ந்த வரலாறு தமிழ்நாட்டுக்கு உண்டு.

பணம் இல்லை என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லும் சூழலையும் நாம் உருவாக்க வேண்டும். பல மாணவர்கள் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு லா பிடிக்கவில்லை என்று பொய் சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் அந்தப் பொய்யைக் கண்டுகொள்ள வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை, பெரும் நிதியும் தேவையில்லை. அடுத்த கிளாட் அறிவிக்கை வெளியாவதற்கு முன்பு கூட்டமைப்பு தன் கட்டண அட்டவணையைத் திருத்தலாம். மாநில அரசு ஓர் அரசாணை பிறப்பிக்கலாம். தலைமை ஆசிரியர்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு கூட்டம் போடலாம். வழக்கறிஞர் சங்கங்கள் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம். கட்சி, சமூகம், தொழில் வேறுபாடுகளைக் கடந்து எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடிய கோரிக்கை இது: சட்டம் படிக்க விரும்பும் பிள்ளை எத்தனை கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது என்பதை அந்தப் பிள்ளையின் திறமையும் விருப்பமும் முடிவு செய்யட்டும், அதற்கான செலவை நாம் எல்லோரும் பகிர்ந்துகொள்வோம்.